காளான்காரி என்று பேர் வாங்கியவள்

காசு வாங்கிக்கொண்டுதான் அக்கிலினா கோயிலை இடிக்க வழிவிட்டாள் என்று இன்னமும் சொல்லித் திரிகிறவர்கள் முதலில் ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். காசு வாங்கியவள் மீன் கொட்டகையில் உப்புத் தண்ணீருக்குள் கையை விட்டு, விரலெல்லாம் வெடித்துப்போக நின்றிருப்பாளா? புதுக் கோட்டு ஒன்றாவது தைத்துப் போட்டாளா? யாராவது பார்த்தீர்களா? பார்க்கவில்லை. ஆனால் பேச்சு மட்டும் நிற்கவில்லை. நெருப்பில்லாமல் புகையுமா என்கிறார்கள். எஸ்தோனியாவில் தாலின் துறைமுகத்தின் பின்னால், தார்த் தெரு என்கிற நம் தெருவில், புகை வருவதற்கு நெருப்பு வேண்டியதே இல்லை. நாலு பெண்கள் ஓர் அடுக்களையில் நின்றால் போதும்.

"கோயில் மரத்தக் காளான் தின்னுடுச்சுன்னு சொன்னது யாரு? அவ வாய்தானே?" என்று கேட்பார்கள்.

ஆமாம், அவள் வாய்தான். பட்டப்பகலில், பொது அடுக்களையில், எல்லார் காதும் கேட்கச் சொன்னாள். அதை மறுக்கவில்லை. ஆனால் இடிக்கச் சொல்லி ஆணை வந்தது வசந்தத்தில். அவள் வாயைத் திறந்தது இலை உதிர்கிற காலத்தில். துறைமுகத்துக்கு இன்னொரு தண்டவாளம் வேண்டும், நடுவில் கோயில் நிற்கிறது, எடுத்துவிடுங்கள் என்று மேலிடத்தில் எப்போதோ முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் சொன்ன சொல்லால் கோயில் விழுந்தது என்பது, பிள்ளை பிறந்து பேரும் வைத்தான பிறகு கல்யாணத்துக்கு நாள் சரியில்லை என்று சொல்வதைப் போல.

எலியா தீர்க்கதரிசியின் பேரால் நின்ற கோயில் அது. ரஷ்ய ஜார் மன்னர் காலத்தில் கயிறு திரிக்கிறவர்களும் கப்பலில் பாய் கட்டுகிறவர்களும் சேர்ந்து எழுப்பியது. கல்லே கிடையாது, எல்லாம் பைன் மரம். சுவரின் இடுக்குகளைக் கப்பலுக்கு அடைப்பது போலச் சணல் திணித்துத் தாரால் பூசியிருந்தார்கள். அதனால் வெயில் நாளில் உள்ளே போனால் தார் வாசனையும் தேன்மெழுகு வாசனையும் ஒன்றாக வந்து முகத்தில் மோதும். மீன் கொட்டகையிலிருந்து நேரே வருகிற பெண்கள் மெழுகுவர்த்தி ஏற்றினால் திரியில் செதில் ஒட்டிக்கொண்டு சடசடவென்று பொரியும். ஜெபத்தின் நடுவில் துறைமுகச் சங்கு ஊதினால் சாமியார் நிக்கந்தர் ஒரு மூச்சு நிறுத்தி, சங்கு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். வெளியூரில் போய்ப் பூசை பார்த்தால் அந்த நிறுத்தம் இல்லாமல் என்னவோ குறைந்த மாதிரி இருக்கும் நம் ஆட்களுக்கு.

எஸ்தோனியரும் ரஷ்யரும் ஒரே கூரைக்குக் கீழே நின்றார்கள். ஒரு பாட்டு இந்த மொழியில், அடுத்தது அந்த மொழியில். பண்டிகைக்கு மட்டும் பஞ்சாங்கம் ரெண்டு. கிறிஸ்து பிறப்பு ஒரு தடவை நமக்கு, பதிமூன்று நாள் கழித்து அவர்களுக்கு. "உங்களுக்கென்ன, ஆண்டவரே ரெண்டு வாட்டி பொறக்குறாரு, ரெண்டு வாட்டி பன்னி அடிக்கிறீங்க," என்று லூத்தரன் சபை ஆட்கள் கேலி செய்வார்கள். அதில் பொறாமையும் உண்டு.

அக்கிலினா தீவுக்காரி. கன்னிப் பெண்ணாக மீன் கொட்டகை வேலைக்கு வந்தவள். அந்தக் கோயிலில்தான் அவளுக்குத் தலையில் கிரீடம் வைத்துக் கல்யாணம் நடந்தது. கார்ப் என்ற மூட்டை தூக்குகிறவனைக் கட்டினாள், போர் அவனைக் கொண்டுபோயிற்று. பிறந்த ஒரே குழந்தையும் அந்தக் கோயில் வாசல் வழியாகத்தான் சின்னப் பெட்டியில் போயிற்று. அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் கோயில் தரையைத் தேய்க்க ஆரம்பித்தாள். யாரும் கேட்கவில்லை, கூலியும் இல்லை. மணலும் சாம்பல் தண்ணீரும் போட்டு, முட்டிபோட்டு, மரம் வெண்ணெய் நிறத்துக்கு வரும்வரை தேய்ப்பாள். எந்தப் பலகை எந்தக் காலுக்கு முனகும் என்று அவளுக்குத் தெரியும். "அவ தேச்ச தரையில ரொட்டி மாவு பெசையலாம்" என்பார்கள். சொன்னவர்கள் வேறு யாருமில்லை, இப்போது ஏசுகிற அதே ஆட்கள்தான்.

கடைசிப் பூசை எலியாவின் திருநாளன்று நடந்தது. நல்ல மழை. எலியா நாளில் மழை பெய்யாவிட்டால்தான் அதிசயம். பூசை முடிந்ததும் சாமியார் நிக்கந்தர் பலிபீடத்துத் துணியை நாலாக மடித்து மார்போடு வைத்துக்கொண்டு வெளியே வந்தார். அந்தத் துணி போனால் அது கோயில் இல்லை, வெறும் மரவீடு. பெண்கள் அழுதார்கள். ஆண்கள் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார்கள்.

அழுத கண்ணீர் காய்ந்ததும் என்ன நடந்தது? அதைச் சொல்ல யாருக்கும் பிடிக்காது. சொல்லத்தான் வேண்டும்.

துறைமுகத் தெருவில் ஒரு பலகை சும்மா கிடந்தால் மறுநாள் அது யாரோ ஒருவருடைய வேலி. நம் பிழைப்பு அப்படி. கோயில் விழப்போகிறது என்று தெரிந்ததும் ஒவ்வொருவராகச் சுண்ணக்கட்டியோடு கிளம்பினார்கள். மண்டபப் பலகையில் ஒருவர் கோடு போட்டார், படிக்கட்டில் இன்னொருவர் வட்டம் போட்டார். கதவு எனக்கு, உத்தரம் உனக்கு. அக்கிலினாவோடு ஒரே வீட்டில் இருந்த, ஒரே அடுப்பில் சமைத்த வாஸ்ஸாகூட மணிமாடத்துப் பலகையில் தன் அடையாளத்தைப் போட்டுவிட்டு வந்தாள். ரஷ்யக்காரி, தங்கமான மனசு. ஆனால் வாய் மட்டும் துறைமுகச் சங்கு.

"எதுக்குடி அந்தப் பலகை?" என்று அக்கிலினா கேட்டாள். மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள் அப்போது.

"பன்னிக் கொட்டாய்க்குத்தான். பழசு ஒழுவுது."

"கோயில் பலகையிலயா?"

"ஏன், கோயில் பலகையில கட்டுனா பன்னிக்கும் கொஞ்சம் புண்ணியம் வரட்டுமே. எப்படியும் நாசமாத்தானே போகப்போவுது, அக்கிலினா? அந்தத் துறைமுக அலுவலகத்தான் கொண்டுபோறதுக்கு நம்ம பன்னி எவ்வளவோ மேல்."

சிரித்தாள் வாஸ்ஸா. அக்கிலினா சிரிக்கவில்லை. கோயில் மரத்துக்கு ரெண்டே வழிதான் என்று பிறந்த ஊரில் அவள் கேட்டு வளர்ந்திருக்கிறாள். இன்னொரு கோயிலின் சுவராகலாம். இல்லையென்றால் தீயில் சுத்தமாக எரிந்து, அந்தச் சாம்பலை ஓடுகிற தண்ணீரில் விடலாம். மூன்றாவது வழி கிடையாது. குழந்தையின் பெட்டியைத் தாங்கிய கோயிலின் மரம் அது. பன்றி குளம்பால் கிளறுகிற இடத்தில் அதை நினைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. சாமி வீட்டைக் காப்பாற்ற முடியாது. மரத்தையாவது நல்ல இடத்தில் சேர்க்கவேண்டும்.

தீவிலிருந்து பிரீடு என்று ஒருவன் சரக்குப் படகில் ஆப்பிளும் புகைமீனும் கொண்டுவந்து கரையில் விற்பான். அவளுக்குத் தூரத்துச் சொந்தம். தீவுக் கோயில் இடுப்பளவு கல், மேலே மரம். மரம் எல்லாம் போரில் எரிந்து போயிற்று. அதற்குப் பிறகு கூரையில்லாத சுவருக்குள் நின்று, மழைக்கும் பனிக்கும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டுதான் ஜெபம் செய்தார்கள். கட்டிக்கொள்ளுங்கள் என்று அனுமதி கிடைத்தது, மரம் மட்டும் கிடைக்கவில்லை.

"எங்க மரத்த எடுத்துக்கோயேன்," என்றாள் அக்கிலினா.

பிரீடு புகையிலையைத் துப்பினான். "நீ குடுத்தா ஆச்சா? கோயிலுக்குக் கோயில் மரம்னு கேட்டா அலுவலகத்துல துருப்புடிச்ச ஆணிகூடத் தர மாட்டானுங்க."

"வெறகுன்னு கேளு."

"நல்ல மரத்த வெறகுன்னு எவன் விடுவான்? அதுக்குள்ள உங்க தெருக்காரங்களே கடிச்சுத் துப்பிடுவாங்க. தீவுக்கு வந்து சேர ஒரு குச்சி மிஞ்சாது."

"அப்ப நல்ல மரமா இல்லாம இருந்தா?"

பிரீடு அவளை ஏற இறங்கப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மரவீட்டில் குடியிருக்கிறவர்களுக்குப் பேய் பயம் கிடையாது, காளான் பயம் உண்டு. சாதாரணக் காளான் இல்லை, மரத்தைத் தின்கிற காளான். ஒரு மூலையில் வெள்ளையாகப் பூத்தால் ஒரே குளிர்காலத்தில் தரை, சுவர், உத்தரம் எல்லாம் தின்று மாவாக்கிவிடும். காலில் ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கும் போகும். அந்த மரத்தை ஊருக்குள் வைத்திருக்கவே கூடாது, வெளியே கொண்டுபோய் எரிக்கவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அக்கிலினாவின் வீட்டில் கீழ்த்தளத்தில் இருந்த செல்மாவைக் கேட்டால் தெரியும். அவள் சின்னப் பெண்ணாக இருக்கும்போது தகப்பனார் கட்டின வீட்டைக் காளான் தின்றது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேசையோடு தரை உள்ளே இறங்கிற்று. அந்தப் பெண்ணைச் சும்மா வாயாடி என்று சொல்லிவிட முடியாது. பயந்தவள்.

அக்கிலினா புளித்த ரொட்டி மாவைக் கொஞ்சம் எடுத்தாள். கோயில் வாசற்படிக்குக் கீழே ஈரமான ஒரு பலகைத் துண்டில் தேய்த்து, சாக்கால் மூடி வைத்தாள். ஒரு வாரத்தில் அது வெள்ளை வெளேரென்று, பூனைக்குட்டி வயிறு மாதிரி ரோமம் விட்டுப் பூத்தது. அந்தத் துண்டை முறத்தில் வைத்து அடுக்களைக்குக் கொண்டுவந்தாள்.

"செல்மா, இது என்னன்னு கொஞ்சம் பாரேன். படிக்கட்டுக்குக் கீழ பூத்திருக்கு."

செல்மா எட்டிப் பார்த்தாள். கையிலிருந்த பால் பாத்திரம் கீழே விழுந்தது.

"வெளிய! வெளிய கொண்டுபோ! அய்யோ ஆண்டவரே, இத வீட்டுக்குள்ளயா கொண்டாந்த?"

"அதுவா?"

"அதுதான்க்கா! அதேதான்! எங்கப்பா வீட்ல பாத்தேனே!"

அவ்வளவுதான். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. சுண்ணக்கட்டிக் கோடு போட்டவர்கள் எல்லாம் ஈரத்துணியோடு போய்த் தங்கள் பேரை அழித்துவிட்டு வந்தார்கள். ஒருவர் முன்கூட்டியே கழற்றிக்கொண்டு போன ஜன்னல் சட்டத்தை யாருக்கும் தெரியாமல் திரும்பக் கொண்டுவந்து சாத்தி வைத்தார். வாஸ்ஸா மட்டும் முணுமுணுத்தாள்: "என் பன்னிக்குக் குடுத்துவச்சது அவ்வளவுதான்."

சாமியார் நிக்கந்தரிடம் அக்கிலினா எல்லாவற்றையும் சொன்னாள். பாவசங்கீர்த்தனத்துக்கு உட்கார்ந்த மாதிரி தலையில் துணி போட்டுக்கொண்டு, அவர் வீட்டு விறகுக் கொட்டகையில் நின்று சொன்னாள்.

"பொய் சொன்னியாம்மா?"

"சொன்னேன் சாமி."

"வருத்தப்படுறியா?"

"இல்ல சாமி. மரம் தீவுக்குப் போய்ச் சேர்ந்ததும் வருத்தப்படுறேன். இப்ப வருத்தப்பட்டா கை நடுங்கிடும்."

அவர் தாடியை நீவினார். சிரிப்பை அடக்கினாரோ அழுகையை அடக்கினாரோ. "போய்ட்டு அப்புறம் வா," என்றார். மன்னிப்பும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

அலுவலகத்தில் நினைத்தபடியே நடந்தது. இடிக்க ஆள் இருந்தது, காளான் மரத்தை ஏற்றிக்கொண்டுபோய் எரிக்க ஆள் கிடைக்கவில்லை. தீவு மீன்பிடிக் கூட்டுறவுக்கு மீன் புகையூட்ட விறகு வேண்டும், நாங்களே ஏற்றிக்கொண்டு போகிறோம் என்று பிரீடு போய் நின்றான். "எரிக்கத்தானே?" என்று கேட்டார்கள். "பின்ன, அவிச்சா திங்க முடியும்?" என்றான். தொல்லை ஒழிந்தது என்று விட்டார்கள்.

கோயிலைப் பிரித்த நாட்களில் தெருவே வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது. வெங்காயக் குமிழ் போன்ற கோபுரத்தை இரும்புக் கயிறு கட்டி இழுத்தார்கள். அது விழும்போது சத்தம் வரவில்லை, பெருமூச்சு மாதிரி ஒன்று வந்தது. சுவரின் தார் உரிந்து அதன் கீழே புது மரத்தின் நிறம் தெரிந்தது. நூறு மழை பார்த்த மரம் உள்ளே நேற்று வெட்டியதைப் போல மஞ்சளாக இருந்தது. யாராவது கிட்டே போய்ப் பார்த்திருந்தால் அன்றைக்கே பொய் வெளுத்திருக்கும். தெருவில் ஒருவரும் கிட்டே போகவில்லை, இடிக்க வந்த வெளியாட்களுக்கு மரத்தின் நிறத்தைப் பற்றி என்ன கவலை. பலிபீடம் நின்ற மண்ணில் கால் படக்கூடாது. அக்கிலினா மீன் கொட்டகையிலிருந்து காலிப் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு வந்து அந்த இடத்தைச் சுற்றி நிறுத்தினாள். "கெழவி, நடுவுல என்ன புதையலா?" என்று இடிக்கிறவர்கள் கேட்டார்கள். கேட்டுவிட்டு, சுற்றித்தான் நடந்தார்கள்.

அந்த மரம் இப்போது தீவில் நிற்கிறது. நம்பாதவர்கள் படகேறிப் போய்த் தொட்டுப் பாருங்கள், தார் வாசனைகூட வரும். ஆனால் இடித்த அந்த நாட்களில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? மரம் கரையில் அடுக்கிக் கிடந்தது. கடலில் புயல். பிரீடுவின் படகு தீவை விட்டுக் கிளம்பவே முடியவில்லை. கடல் பனியாக உறைவதற்குள் வந்தால் உண்டு, இல்லையென்றால் வசந்தம்வரை அந்த மரம் கரையில் கிடக்கும். வசந்தம்வரை எந்தப் பொய்தான் தாங்கும்?

அப்போதுதான் அடுக்களைச் சுவரில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், செல்மா ஒரு வெள்ளைத் திட்டைக் கண்டாள்.

மழைக்காலத்தில் எல்லா அடுக்களையிலும் வருகிற பூசணம்தான் அது. சாம்பல் தண்ணீரால் துடைத்தால் போய்விடும். ஆனால் செல்மாவின் கண்ணுக்கு அது தகப்பன் வீட்டு மேசை உள்ளே இறங்குகிற மாதிரி தெரிந்தது. வீட்டில் இருந்த எல்லாரையும் அடுக்களைக்குக் கூப்பிட்டாள். அக்கிலினா வேலையிலிருந்து வந்தபோது எல்லாரும் சுவரோரமாக நின்றிருந்தார்கள். நடு அறை காலியாக இருந்தது.

"இவ்வளவு வருஷமா அங்க முட்டிபோட்டுத் தேச்சவ இவ," என்றாள் செல்மா. "பாவாடையில, வாளியில, தேய்க்கற துணியில எல்லாத்துலயும் அது ஒட்டிக்கிட்டு இங்க வந்திருக்கு. எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு, அக்கிலினாக்கா. உன்மேல கோவமில்ல. ஆனா இந்த வீடும் உக்காந்துட்டா நாங்க எங்க போறது?"

"இது வெறும் ஈரம், செல்மா. நான் தொடச்சிடறேன்."

"தொடாத! தொட்டா பரவும்! நாளைக்கு நான் சுகாதார ஆபீசுக்குப் போறேன். ஆள் வரட்டும். இதையும் பாக்கட்டும், கரையில கெடக்கற மரத்தையும் அறுத்துப் பாக்கட்டும். அதே காளான்தானான்னு சொல்லட்டும். அப்படி இல்லேன்னா நீ கெளம்பு. உன் சாமானெல்லாம் கொல்லையில எரிச்சிடலாம். நீ போய்ட்டா நான் ஆபீசுக்குப் போகல."

அக்கிலினா வாளியைக் கீழே வைத்தாள். மரத்தை அறுத்தால் மஞ்சள் தெரியும். மஞ்சள் தெரிந்தால் அலுவலகம் திரும்ப எடுத்துக்கொள்ளும், தெரு சுண்ணக்கட்டியோடு திரும்ப வரும். இல்லை, பொய் என்று இவர்களிடம் ஒப்புக்கொண்டால் இந்த அடுக்களையில் அவளுக்கு இடம் இருக்கும், மரத்துக்கு இருக்காது. ரெண்டில் ஒன்று. நின்ற இடத்திலேயே தீர்மானித்துவிட்டாள்.

"எரிச்சிடுங்க," என்றாள்.

அவளுடைய பெட்டி, பெஞ்சு, பஞ்சு மெத்தை, எல்லாம் கொல்லைக்குப் போயிற்று. சாமி படங்களை மட்டும் துணியில் சுற்றி வைத்துக்கொண்டாள், அதைக் கேட்க செல்மாவுக்கும் துணிவு வரவில்லை. செல்மா அவள் காலைப் பார்த்தாள். காலில் கம்பளி பூட்ஸ். கோயிலுக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போவாள் என்று எல்லாருக்கும் தெரியும். அக்கிலினா உட்கார்ந்து அதையும் கழற்றினாள்.

மற்றவர்கள் போன பிறகு வாஸ்ஸா அடுக்களைக் கதவைச் சாத்தினாள்.

"அடியே, என்னப் பாரு."

அக்கிலினா பார்க்கவில்லை.

"நாலு சொட்டு தண்ணி தேங்கி நின்னாலே உனக்குத் தூக்கம் வராது. அந்தத் தரைய நீ குழந்தையக் குளிப்பாட்டற மாதிரி தொடச்சுக்கிட்டுக் கெடந்த. அதுலயா காளான் வந்துச்சு? உன் கை பட்ட மரத்துலயா? எங்கிட்டச் சொல்லு. பொய்தானே?"

வாஸ்ஸாவின் கண் நிறைந்திருந்தது. இருபது வருஷம் ஒரே அடுப்பு. கார்ப் செத்த செய்தி வந்த அன்று இவளைப் பிடித்துக்கொண்டு தூங்கினவள் வாஸ்ஸா. சொல்லிவிடலாம். ஒரே ஒரு சொல். ஆனால் அந்தச் சொல் வாஸ்ஸாவின் வாயில் ஒரு ராத்திரி தங்காது. கெட்ட எண்ணத்தில் இல்லை, சந்தோஷத்திலேயே கத்திவிடுவாள்.

"காளான்தான், வாஸ்ஸா."

"அப்ப உன்னால ஒரு தரையக்கூட ஒழுங்கா பாத்துக்க முடியல."

"முடியல."

வாஸ்ஸா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைக் கிளறினாள். கிளற அங்கே ஒன்றும் இல்லை. பிறகு தன் காலிலிருந்த ரப்பர் பூட்ஸை உதைத்துக் கழற்றி, அவள் பக்கம் தள்ளிவிட்டாள்.

"போட்டுக்கிட்டுப் போ. வெறுங்காலோட தெருவுல நடந்து எங்க மானத்த வாங்காத."

பூட்ஸ் பெரிது. உள்ளே இன்னும் சூடு இருந்தது. அக்கிலினா சாமி படங்கள் சுற்றிய மூட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். கடலில் காற்று மேற்கேயிருந்து தெற்குக்குத் திரும்பியிருந்தது. அதைத் தீவுக்காரி ஜன்னல் சத்தத்திலேயே தெரிந்துகொள்வாள். இந்தக் காற்று இப்படியே நீடித்தால் பிரீடு ரெண்டு நாளில் வந்துவிடுவான். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கதவைத் திறந்து வெளியே போனாள்.